அக்கம்பக்க ராமென் கடைகளுக்கும் உணவுப் பக்கத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் உணவுப் பக்கத்தை நெடுங்காலமாக விரும்பிப் படித்துவருபவள் நான். ஜப்பானிய நூடல்ஸ் சூப்பான ராமென் பற்றி எழுதப்படும்போதெல்லாம் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையிலும் நகர மையத்திலும் உள்ள கடைகளே பேசப்படுவதைக் கவனித்துவருகிறேன். ஜப்பானின் ஃபுகுவோக்காவில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய ராமென் கடையான இப்புடோ, 2009இல் இங்கே மாண்டரின் கேலரி கடைத்தொகுதியில் கிளை திறந்ததும், உலகிலேயே முதன்முதலாக மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற ராமென் கடையான தோக்கியோவின் சுத்தா 2016இல் சிங்கப்பூருக்கு வந்ததும் நிச்சயம் எழுதப்பட வேண்டியவைதாம். ஆயினும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்திலும் காப்பிக் கடையின் மூலையிலும் நின்று ராமென் சமைப்பவர்களைப் பற்றி ஒரு பத்தியாவது வந்தால், வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் வாசகர்களுக்கு அது அதிகப் பயன்தரும் என்பது என் கருத்து. ஈசூனில் என் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அப்படி ஒரு கடை அமைந்திருக்கிறது. பெயரைக் குறிப்பிட்டால் இக்கடிதம் விளம்பரமாகிவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, அந்தக் கடை ஏன் மனநிறைவு தருகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ராமென் வீட்டுக்கு அருகில் கிடைக்க வேண்டிய உணவு என்று நான் சொல்வதற்கு அதன் தன்மையே காரணம். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் ஆகிய காரப்பொருள்கள் கலந்த நீரில் மாவைப் பிசைவதால்தான் அந்த நூடல்ஸுக்கு மஞ்சள் சாயலும் பல்லுக்கு எதிர்ப்புத் தரும் உறுதியும் வருகின்றன. அந்த உறுதி சூடான சூப்பில் சில நிமிடங்களே நிற்கும். ஃபுகுவோக்கா நகரின் ஹக்காத்தா பாணியிலான மெல்லிய நூடல்ஸ் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வெந்துவிடும். வெந்த வேகத்திலேயே ஊறியும் போகும். சூப்பைத் தனியாகக் கட்டிக் கொடுத்தாலும், விநியோக ஊழியர் மின்தூக்கியில் ஏறிக் கதவைத் தட்டுவதற்குள் நூடல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ராமெனைக் கடையில் உட்கார்ந்து, கிண்ணம் வந்த உடனே உண்ண வேண்டும். அதற்காக எம்ஆர்டி ரயிலில் முக்கால் மணி நேரம் பயணம் செய்து வரிசையில் நிற்பது எப்போதாவது செய்யத்தக்கதே தவிர, சாதாரண வேலைநாளின் இரவு உணவுக்கு ஒத்துவராது.

வரலாறும் இதற்கு ஒத்தே இருக்கிறது. தோக்கியோவின் அசகுசாவில் 1910ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ராய்ராய்கென், யோக்கோஹாமாவிலிருந்து அழைத்துவரப்பட்ட சீனச் சமையல்காரர்களைக் கொண்டு, பொழுதுபோக்கத் திரண்டுவந்த சாதாரண மக்களுக்கு மலிவாக நூடல்ஸ் சூப் கொடுத்துப் புகழ்பெற்றது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தெருவோரத் தள்ளுவண்டிகளே இந்த உணவை ஜப்பான் முழுவதும் பரப்பின.

இனி சூப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல கடையையும் சுமாரான கடையையும் பிரித்துக் காட்டுவது அதுதான். ஷோயு (சோயா சாறு), ஷியோ (உப்பு), மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) என்று பட்டியலில் காணப்படும் வகைகள் பெரும்பாலும் கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றப்படும் ‘தாரே’ என்ற உப்புச் சாற்றால் வேறுபடுகின்றன. அதன்மேல் ஊற்றும் எலும்பு சூப் ஒன்றாகவே இருக்கலாம். தோன்கொத்சு மட்டும் சூப்பின் வகையைக் குறிக்கிறது. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதி தணியாமல் காய்ச்சும்போது, எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் ஜெலட்டினாகக் கரைய, கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி நீரோடு கலந்து சூப்பை வெளுப்பாகவும் கெட்டியாகவும் ஆக்குகிறது. தீயைக் குறைத்துக் கொதிக்கவிடாமல் வைத்தால் சூப் தெளிவாக இறங்கும். ஒரே அடுப்படியில், இரண்டு ஆள்களுடன் இயங்கும் சிறு கடையால் இவற்றில் பலவற்றை ஒரே நாளில் ஒழுங்காகச் செய்ய முடியாது. அதனால்தான் பட்டியல் நீண்டுகொண்டே போகும் சிறு கடையைக் கண்டால் எனக்குத் தயக்கம் ஏற்படுகிறது.

எங்கள் வட்டாரக் கடையில் கோழி எலும்பு சூப் ஒன்றுதான். அதில் ஷோயு ஒரு கிண்ணம், மிசோ ஒரு கிண்ணம், அவ்வளவே. பரிமாறுவதற்குச் சற்று முன் கடைக்காரர் வெங்காயத்தாளும் பூண்டும் காய்ச்சிய கோழிக் கொழுப்பை ஒரு கரண்டி விடுகிறார். நம் ரசத்துக்குத் தாளிப்பு எப்படியோ, ராமெனுக்கு அந்த எண்ணெய் அப்படி. முதல் வாயிலும் கடைசி வாயிலும் அதன் மணம் குறைவதில்லை. கிண்ணத்தை முன்கூட்டியே வெந்நீரில் சூடாக்கி வைப்பதும், சூப் தீர்ந்த அன்று நீர் கலந்து சமாளிக்காமல் கடையைச் சீக்கிரமே அடைத்துவிடுவதும் அவர் தொழிலை எவ்வளவு மதிக்கிறார் என்பதைக் காட்டுகின்றன.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். மாட்டிறைச்சி தொடாதவர், வெள்ளிக்கிழமைகளில் சைவம் உண்பவர், ஹலால் உணவை மட்டும் உண்ணும் நண்பர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்வது சிங்கப்பூரில் இயல்பு. நகரில் ஒரு கடையில், மேலே காய்கறி மட்டுமே இருப்பதால் பிரச்சினை இல்லை என்று ஊழியர் உறுதியளித்து, உண்ட பிறகு சூப் கோழி எலும்பால் ஆனது எனத் தெரியவந்தபோது என் மாமியார் மிகவும் வருந்தினார். எலும்பே சேராத சூப்பிலும் காய்ந்த சூரை மீன் சீவல், சிறு கருவாடு ஆகியவற்றின் சாறு இருக்கக்கூடும். நூடல்ஸ் மாவில் முட்டையும் இருக்கலாம். எங்கள் வட்டாரக் கடைக்காரரிடம் இதையே கேட்டபோது, கடற்பாசியும் காளானும் கொண்டு தனியாகச் சூப் செய்து தர முடியும் என்றாலும், எல்லா நூடல்ஸும் ஒரே பானையில்தான் வேகின்றன, முட்டையும் அங்கேயே அவிகிறது, ஆகவே சைவம் கடைப்பிடிப்பவருக்குத் தன்னால் பரிமாற இயலாது என்றார். பன்றி இறைச்சியைப் பயன்படுத்தாதபோதும் தமது கடைக்கு முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் இல்லை என்பதையும் அவரே சொன்னார். ஒரு விற்பனையை இழக்கத் தயாராக இருந்த அந்த நேர்மைக்காகவே நாங்கள் மாமியாரை வேறு நாளில் வேறு இடத்துக்கு அழைத்துச் செல்கிறோம். இந்தக் கடைக்கும் தொடர்ந்து போகிறோம்.

விலையையும் சொல்லியாக வேண்டும். கடைத்தொகுதி உணவகத்தில் பட்டியலில் 16 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றிருக்கும் கிண்ணம், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்து 19 வெள்ளியைத் தாண்டுகிறது. நால்வர் கொண்ட குடும்பம் அதை அடிக்கடி செலவிட இயலாது. அக்கம்பக்கக் கடையில் சேவைக் கட்டணம் கிடையாது. ஆண்டு வருவாய் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத வணிகம் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயமும் இல்லாததால், பட்டியலில் காணும் விலையையே கொடுத்துவிட்டு வருகிறோம்.

மூத்த வாசகர்களுக்காக ஒரு சொல். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ராமெனில் உப்பின் பெரும்பகுதி சூப்பில்தான் இருப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூடல்ஸை உண்டுவிட்டுச் சூப்பை மீதம் வைப்பது நல்லது. எங்கள் கடையில் கேட்டால் தாரேயைக் குறைத்து ஊற்றித் தருகிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, உணவுப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது ஈசூன், பிடோக், செங்காங் போன்ற குடியிருப்பு வட்டாரங்களின் சிறு ராமென் கடை ஒன்றுக்கு இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அங்கே நடிகர் யார் வந்தார் என்பதைவிட, சூப் எந்த எலும்பில் காய்ச்சப்படுகிறது, மீன் சாறு கலக்கிறதா, நூடல்ஸில் முட்டை உண்டா, ஹலால் சான்றிதழ் இருக்கிறதா, கிண்ணம் கையில் வரும்போது மொத்தம் எத்தனை வெள்ளி என்பவற்றைச் செய்தியாளர் கடைக்காரரிடமே கேட்டு எழுதினால், குடும்பத்தில் யாரை அங்கே அழைத்துச் செல்லலாம் என்பதை நாங்கள் வீட்டிலிருந்தே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்