நடைக்கான நேரத்தைக் கடல் குறிக்கட்டும்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணி மேகலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிங்கப்பூரில் இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு, கார்த்திகையில் ஒரு ஞாயிறு பிற்பகல் கடலோரக் காப்பகங்களுக்கு நடக்கப் போவதாகவும், லாப்ரடாரில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் சுங்கை பூலோவையும் பார்த்து முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை திட்டம் போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தாலும், இரண்டையும் ஒரே பிற்பகலில் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒன்று தீவின் தெற்கே, மற்றது வடமேற்கே என்பதோ, சுங்கை பூலோவுக்குக் கிராஞ்சியில் ரயிலை விட்டு இறங்கி மறுபடியும் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதோ அதற்குக் காரணமில்லை. அந்த இரண்டு இடங்களையும் பார்ப்பதற்குரிய நேரங்களே வேறு வேறு.

லாப்ரடாரில் பாறைக்கரை இருக்கிறது. அங்கே ஒட்டி வாழும் உயிர்கள் நீர் வற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். சுங்கை பூலோவிலோ பறவைகளை அருகில் பார்க்க வேண்டுமானால் நீர் ஏறியிருக்க வேண்டும். உங்கள் கடலில் நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வருவதால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகிவிடும். ஒரே பிற்பகலில் இரண்டையும் பார்க்கக் கிளம்பினால், ஓரிடத்துக்காவது தவறான நேரத்தில்தான் போய்ச் சேருவீர்கள்.

பணிக்காலம் முழுவதும் கீழ்பவானி வாய்க்காலில் மதகுகளோடு இருந்தவன் நான். ஆகவே அன்று நீ என்னைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனபோது, மற்றவர்கள் முதலை எங்கே என்று பாலத்தில் நின்று தேடிக்கொண்டிருக்க, என் கண் கரையில் இருந்த மதகுகளின் மேல்தான் போயிற்று. அந்தக் குளங்கள் முன்பு இறால் பண்ணைகளாக இருந்தவை. கடல் ஏறும்போது மதகைத் திறந்து, தண்ணீரோடு வரும் இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு அடைத்துவிடுவார்கள். பிறகு கடல் வற்றும் நேரத்தில் மதகு வாயில் வலையைக் கட்டித் தண்ணீரை வெளியே விட்டு, வளர்ந்த இறாலைப் பிடிப்பார்கள். 1986இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இந்த இடத்தைக் காக்கும்படி அரசைக் கேட்டார்கள். 1989இல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 2002இல் காப்பகமாயிற்று. பண்ணை போன பிறகும் மதகுகளைப் பிடுங்கி எறியாமல் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த வேலை என்னவென்றால், குளத்து நீர்மட்டத்தைத் தாழ்த்திச் சேற்றை வெளியே தெரியவிடுவது. கடல் வற்றியிருக்கும்போது உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் வெளியே விரிந்து கிடக்கும் சேற்றுப் பரப்பில் சிதறி மேய்வதால், நமக்கு அவை வெறும் புள்ளிகள்தாம். நீர் ஏற ஏற அந்தப் பரப்பு மூழ்கிப்போக, கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் கூட்டமாக உள்ளே உள்ள குளங்களுக்கு வந்து இறங்கும். ஆகவே கடல் உச்சத்துக்கு ஏறும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே போய், பறவை பார்க்கும் மறைவுக்குடிலில் பேசாமல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும் என்பதால் உங்கள் கார்த்திகைக் கணக்கு சரிதான். மாற்ற வேண்டியது தேதியை மட்டும்தான். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், இந்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஏறும் கடல் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் வற்றிக் கிடக்கும். கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகுக்கு எப்போது தண்ணீர், இரட்டைப்படை மதகுக்கு எப்போது என்று முறை பார்த்துத்தானே நம் ஆட்கள் நாற்று விடுகிறார்கள். அவர்களிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள், மாப்பிள்ளைதான் அலுவலகக் கடிகாரத்தைப் பார்ப்பார்.

கூட்டம் பெரிதென்றால் இரண்டாகப் பிரித்து விடு. பறவைகளைப் பார்த்த பிறகு குழந்தைகளைப் பலகைப் பாதையில் அழைத்துப் போய், அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களையும், தண்ணீரோரம் சேற்றின் மேல் தத்திப்போகும் மீன்களையும் காட்டு. பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் அது பிடிக்கும். நீர் உடும்பு குறுக்கே வந்தால் அது போகும்வரை வழியை விட்டுவிடுங்கள். உன் அம்மா கச்சாயம் சுட்டு அனுப்புகிறாள், ஆனால் அதை அங்கே பிரிக்காதே. பை சரசரத்தால் குரங்குகள் வந்துவிடும். தீனி கொடுத்துப் பழக்குவது அவற்றுக்கும் கேடு.

லாப்ரடாருக்கு வேறொரு நாள், வற்றம் பார்த்துப் போங்கள்.

தை மாதம் நீங்கள் வரும்போது பேரனைத் திருப்பூர்ப் பக்கம் நஞ்சராயன் குளத்துக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். கூலிபாளையம் குளம் என்றால் உனக்குத் தெரியும். 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்து, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் உள்ளான்கள் வரும். சுங்கை பூலோவுக்கு வரும் அதே இனங்கள் சில உண்டு, ஆனால் வரும் வழி வேறு. அங்கே ஏற்றமும் இல்லை வற்றமும் இல்லை, விடிந்ததும் கிளம்பினால் போதும். பயணச்சீட்டு எடுத்ததும் தேதியைத் தெரிவி. வண்டிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா