ஆரோனின் வம்சம் இன்னும் இருக்கிறது: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்பின் தம்பிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். சென்ற வாரம் வீட்டுக் கூட்டத்தில் நீங்கள் எபிரெயர் நிருபத்தை விளக்கியதைக் கேட்டு மகிழ்ந்தேன். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் மனத்தில் நெருடிக்கொண்டே இருக்கிறது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்ததோடு யூதர்களின் ஆசாரியத்துவம் முடிந்துவிட்டது என்றும், அதன்பின் ரபீமார்களே அவர்களுக்கு ஆசாரியர்கள் என்றும் சொன்னீர்கள். எல்லார் முன்னிலையிலும் குறுக்கிடுவது முறையல்ல என்று பேசாமல் இருந்துவிட்டேன். இந்த எண்ணம் நம்மில் பலருக்கும் இருப்பதால் உங்கள் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ரபீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரபீ என்பவர் போதகர். வேதத்தையும் அதன் சட்டங்களையும் கற்றுத் தேர்ந்தவர். அவர் எந்தக் கோத்திரத்தில் பிறந்தவராகவும் இருக்கலாம். ஆசாரியரோ பிறப்பினால் மட்டுமே ஆசாரியர். எபிரெய மொழியில் கோஹேன் எனப்படும் அவர், மோசேயின் அண்ணனும் முதல் பிரதான ஆசாரியனுமான ஆரோனின் வம்சத்தில் தகப்பன் வழியாக வந்தவர் என்று அறியப்படுபவர். எவ்வளவு படித்தாலும் ஒருவர் கோஹேன் ஆகிவிட முடியாது. ஒன்றுமே படிக்காவிட்டாலும் கோஹேனின் மகன் கோஹேன்தான்.

ஆலயம் போனபின் பலி செலுத்தும் வேலை நின்றுபோனது உண்மை. ஆனால் மரபைக் கடைப்பிடிக்கும் ஒரு ஜெப ஆலயத்தில் இன்றும் தோராச் சுருளை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, வாசிக்கும்போது முதலில் அழைக்கப்படுபவர் கோஹேன், அடுத்தவர் லேவி கோத்திரத்தின் மற்றக் குடும்பங்களில் பிறந்த லேவியர், மற்றவர்களின் முறை மூன்றாவதாகத்தான் வரும். முதற்பேறான ஆண்குழந்தையைப் பிறந்த முப்பத்தோராம் நாளில் ஐந்து வெள்ளிக் காசு கொடுத்து மீட்பது கோஹேனின் கையிலிருந்துதான். மரபு வழுவாத கோஹேன் நெருங்கிய உறவினரின் சாவைத் தவிர வேறு சாவுகளில் பிணத்தின் அருகே போகமாட்டார், கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையமாட்டார், விவாகரத்தான பெண்ணை மணக்கமாட்டார். லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தை நாம் பழங்கதைபோல வாசித்துக் கடந்துவிடுகிறோம். அவர்களோ அதைக் கல்யாணப் பேச்சிலும் துக்க வீட்டிலும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இவற்றுள் என்னை மிகவும் தொட்டது அவர்கள் ஆசீர்வாதம் கூறும் முறை. கோஹேன்கள் காலணிகளைக் கழற்றிவிடுகிறார்கள். லேவியர்கள் அவர்களுடைய கைகளில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பிறகு அவர்கள் முன்னே போய் நின்று, ஜெபச் சால்வையால் தலையையும் கைகளையும் மூடிக்கொண்டு, விரல்களைப் பிரித்து நீட்டியபடி, எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின் அந்த மூன்று வசனங்களைக் கூறுகிறார்கள். எபிரெயத்தில் அவை மொத்தம் பதினைந்தே சொற்கள்: முதல் வசனத்தில் மூன்று, அடுத்ததில் ஐந்து, கடைசியில் ஏழு. சபையார் அந்தக் கைகளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதற்கடுத்த வசனத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்: ஆசாரியர்கள் என் நாமத்தைக் கூறட்டும், ஆசீர்வதிப்பவர் நானே என்கிறார் கர்த்தர். அங்கே ஆசாரியருடைய வேலை குரல் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. எருசலேமில் 1979இல் கண்டெடுக்கப்பட்ட இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்களில் இந்த ஆசீர்வாதத்தின் சொற்கள் கீறப்பட்டிருந்தன. அவை இயேசுவின் பிறப்புக்குச் சுமார் அறுநூறு ஆண்டுகள் முந்தியவை.

வம்சம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு எஸ்றா 2ஆம் அதிகாரமே போதும். பாபிலோனிலிருந்து திரும்பிய சில ஆசாரியக் குடும்பத்தார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. அவர்களுடைய பக்தியையோ நடத்தையையோ யாரும் விசாரிக்கவில்லை. பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எபிரெயர் 7ஐ வாசித்தால்தான் அதன் துணிச்சல் புரியும். ஆபிரகாமை ஆசீர்வதித்த சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்கைத் தகப்பனும் தாயும் வம்சவரலாறும் இல்லாதவன் என்கிறது நிருபம். எஸ்றா 2இல் சிலரை வெளியே தள்ளிய அதே குறை, இங்கே இன்னும் உயர்ந்த ஓர் ஆசாரியத்துவத்தின் அடையாளமாகிறது. இயேசு யூதா கோத்திரத்தில் தோன்றியவர் என்பதையும், அந்தக் கோத்திரத்தைக் குறித்து மோசே ஆசாரியத்துவம் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பதையும் நிருபக்காரர் மறைக்கவில்லை. எட்டாம் அதிகாரத்தில் ஒரு படி மேலே போய், இயேசு பூமியில் இருந்தால் ஆசாரியராகவே இருக்கமாட்டார், ஏனென்றால் நியாயப்பிரமாணத்தின்படி அதற்குரியவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். ஆரோனின் உரிமையை அவர் அப்படியே விட்டுவைக்கிறார். கிறிஸ்துவின் ஆசாரியத்துவத்தைப் பரலோகத்தில் வைத்துப் பேசுகிறார். நாம் ஏன் அவரைவிட அவசரப்பட வேண்டும்?

சபையின் ஊழியர்களைப் பொறுத்தவரை, புதிய ஏற்பாடு அவர்களில் ஒருவரையும் ஆலய ஆசாரியருக்குரிய கிரேக்கச் சொல்லால் தனியே அழைப்பதில்லை. மூப்பர், கண்காணி என்றுதான் சொல்கிறது. ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் என்று பேதுரு எழுதுவது விசுவாசிகள் எல்லாரையும் நோக்கித்தான். லூத்தர் 1520இல் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். கத்தோலிக்கத் திருச்சபையும் இந்தப் பொது ஆசாரியத்துவத்தை ஏற்கிறது. ஆனால் திருப்பட்டம் பெற்றவரின் பணி அதிலிருந்து அளவில் மட்டுமன்றித் தன்மையிலேயே வேறானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வரையறுத்தது. இந்த வழக்கை இந்தக் கடிதத்தில் தீர்க்க நான் முனையவில்லை. தமிழில் நமக்குக் கூடுதல் குழப்பம் ஒன்றும் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆரோன் ஆசாரியன். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அவர் குரு. நம் சபையிலோ போதகரைக் குருவானவர் என்கிறோம். பிறப்பால் வந்தவர், பட்டம் பெற்றவர், கற்பிப்பவர் ஆகிய மூவரும் ஒரே சொல்லுக்குள் வந்து நின்றால் கேட்பவர் என்ன செய்வார்?

1733இல் தரங்கம்பாடியில் லூத்தரன் சபையின் முதல் இந்தியப் போதகராக அபிஷேகம் பெற்றவரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். கடலூரில் ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்து, 1718இல் ஞானஸ்நானத்தில் ஆரோன் என்று பெயர் பெற்றவர் அவர். லேவி கோத்திரத்துக்கும் அவருக்கும் ஓர் ஒட்டும் இல்லை; அவரைப் போதகராக்கியவர்கள் எந்த அட்டவணையையும் புரட்டவில்லை.

அடுத்த கூட்டத்தில் எபிரெயர் 7ஐத் தொடங்குமுன் எஸ்றா 2ஐ வாசிக்கச் சொல்லுங்கள். நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்