மண்ணின் புளிப்பை எதைக் கொண்டு அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூளான டொலமைட்டை இடுவதற்கு முன் மண்ணின் அமிலத்தன்மையைப் பார்த்துக்கொள்ளும்படி தங்கள் விவசாயப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஆலோசனை சரிதான். கூடவே போட்டிருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பற்றரி இல்லாமல், உலோகக் கம்பிகளை மண்ணில் குத்தினால் முள் ஆடி பீஎச் எண்ணைக் (ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) காட்டும் அந்தக் கருவி எங்கள் பக்கத்திலும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவர் தம் லீக்ஸ் பாத்தியில் அதைக் குத்திக் காட்டினார். முள் ஏழுக்குச் சற்றுக் கீழே நின்றது. "மண் நல்லா இருக்குங்க ஐயா" என்றார். கம்பியை எடுக்காமல் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். முள் நகர்ந்துவிட்டது. ஒரு கோப்பைத் தண்ணீரில் மாறிவிடுமா மண்ணின் குணம்? அந்தக் கருவி அளப்பது இரண்டு உலோகங்களுக்கிடையே ஓடும் சிறு மின்னோட்டத்தை. ஈரம் கூடினாலும், போட்ட பசளையின் உப்பு மிஞ்சியிருந்தாலும், கம்பியை மண் இறுகப் பிடிக்காவிட்டாலும் அது மாறும். அதை நம்பி டொலமைட் மூட்டை வாங்குவதும் வாங்காமல் விடுவதும் ஒன்றுதான்.

எங்கள் பகுதியில் கரட்டும் கோவாவும் நிற்கும் நிலம் பலவும் ஒரு காலத்தில் தேயிலை மலை. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பீஎச் பெறுமானம் பிடிக்கும். மரக்கறிகளில் பெரும்பாலானவற்றுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். ஒரு புள்ளி குறைந்தால் அமிலம் பத்து மடங்கு என்பதை மறக்கக் கூடாது. அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் ஆண்டுக்கணக்காகப் போட்ட மண் மேலும் புளித்திருக்கும். 5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கட்டையாக்கும். போட்ட பொசுபரசு பயிருக்குக் கிட்டாது. கோவாவில் வேர் வீங்கும் நோயும் அமில மண்ணில்தான் கூடும். விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பலர் முதலில் மண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் பாசிச்சாயத்தாளும் உதவாது. அமிலமா காரமா என்பதோடு அதன் வேலை முடிந்தது. எங்கள் மலையில் மண் அமிலம் என்பதைச் சொல்லத் தாள் எதற்கு?

சிறு விவசாயிக்கு என் கணிப்பில் ஏற்றது நிறக் குப்பிச் சோதனை. குழாயில் மண்ணோடு பேரியம் சல்பேற்று என்னும் வெள்ளைத் தூள், அமிலத்துக்கேற்ப நிறம் மாறும் காட்டித் திரவம், காய்ச்சி வடித்த நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குலுக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைத் தூளைச் சேர்க்காமல் விட்டால் களி அடங்காது. கலங்கல் நீரில் நிறம் தெரியாது. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் கலக்கக் கூடாது. மின்விளக்கில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அரைப் புள்ளி முன்பின் இருக்கலாம். பாத்திக்குப் பாத்தி ஒப்பிட அது போதும்.

கண்ணாடிக் குமிழ் உள்ள இலக்கக் கருவி இதைவிடத் துல்லியமானது, பராமரித்தால். நான் போன ஓர் அலுவலகத்தில் அதன் குமிழ் வறண்டு கிடந்தது. கருவியைச் சரிபார்க்கும், பீஎச் தெரிந்த நியமக் கரைசல் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 7, 4 ஆகிய இரண்டு கரைசல்களில் முதலில் சரிபார்க்காத கருவி எந்த எண்ணையும் சொல்லும். குமிழை நேரே மண்ணில் குத்துவதும் கூடாது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஆனால் எந்த ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை இவை எதுவும் சொல்லாது. ஒரே 5 காட்டும் இரண்டு மண்ணில், களியும் மக்கும் கூடியதற்கு அதிக டொலமைட் வேண்டும். மணற்பாங்கானதற்குக் கொஞ்சம் போதும். கண்டபடி அள்ளிக் கொட்டினால் உருளைக்கிழங்கில் சொறி விழும். அளவுக்கு ஆய்வுகூடம்தான். தேயிலைக்காரருக்குத் தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம், மரக்கறிக்காரருக்கு விவசாயத் திணைக்களம். மண்ணை ஒரே மூலையில் அள்ளாமல், பல இடங்களில் ஆறு அங்குல ஆழம்வரை எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். பசளை போட்ட கையோடு எடுக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் பலருக்கு அந்த மண் பொதியை அனுப்பும் வழியே தெரியவில்லை. கமநல சேவை நிலையங்கள் போகத்துக்கு ஒரு நாளாவது மாதிரிகளைச் சேர்த்து அனுப்பி, முடிவைத் தமிழிலும் தர ஏற்பாடு செய்ய வேண்டும். தாங்களும் அடுத்த முறை ஒரு கருவியின் படத்தைப் போட்டால், அது எதை அளக்கிறது என்று கீழே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர்,
கந்தப்பளை.