பயிற்சி முடிந்த மறுநாள் வகுப்புக்கு யார் வருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல கிளைகள் கொண்ட பள்ளிக் குழுமங்கள், எல்லாக் கிளைகளிலும் ஒரே சமயத்தில் புதிய கற்பித்தல் திட்டங்களைத் தொடங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை பள்ளிகள், எத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சி, என்னென்ன கருவிகள் என்று எல்லாம் விவரமாக இருந்தது. பயிற்சியை முடித்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பிய ஆசிரியருக்கு அப்புறம் என்ன ஆனது என்பதுதான் அதில் இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் அப்படி ஒரு குழுமத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், கடைசிச் சில வருடங்கள் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கருத்தாளராகவும் போனவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

குழுச் செயல்பாடு மூலம் பின்னங்களைக் கற்பிப்பது பற்றி எங்களுக்கு ஒருமுறை இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல பயிற்சி. காகிதப் பட்டைகளை மடித்து, அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று நாங்களே செய்து பார்த்தோம். மிகுந்த உற்சாகத்தோடு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். நாற்பது நிமிட பீரியட். பெஞ்சுகளை நகர்த்திக் குழுவாக உட்கார வைப்பதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். வாசலில் வந்து நின்ற தலைமையாசிரியர் கேட்ட முதல் கேள்வி, "போர்ஷன் எதுவரைக்கும் வந்திருக்கு டீச்சர்?" மூன்று வாரம் முயன்றேன். பிறகு பட்டைகள் அலமாரிக்குப் போயின, நான் கரும்பலகைக்குத் திரும்பினேன்.

அந்தத் தலைமையாசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் மேலே இருந்தவர்கள் கேட்டதும் அதே கேள்வியைத்தான். திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூடக் குறைக்கவில்லை, டைம்டேபிளில் கை வைக்கவில்லை, பரீட்சைக் கேள்வித்தாளையும் மாற்றவில்லை. ஏற்கெனவே நிரம்பி வழிந்த நாளுக்குள் புதிய முறையையும் திணித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த முறைக்கு மறுபடி உயிர் வந்தது தற்செயலாக. அடுத்த வருடம் பட்டைகளை மறுபடி எடுத்துப் பார்த்த ஒரு நாள், வேறொரு பிரிவின் ஆசிரியை, தன் ஓய்வு பீரியடில் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒவ்வொரு குழுவுலயும் ஒரு பிள்ளைதான் மடிக்குது, மத்த பிள்ளைங்க வேடிக்கை பாக்குது." எனக்கு அது தெரியவே இல்லை. முன்னால் நின்று பார்க்கிறவருக்கு எல்லாக் குழுவும் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். மறுநாள் குழுவுக்கு ஒரு பட்டை என்பதை ஆளுக்கு ஒரு பட்டை என்று மாற்றினேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்த ஒரு மாணவன், தன் பட்டையை மடித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "டீச்சர், அரையோட இன்னொண்ணையும் சேர்த்தப்புறம் எப்படி அரையைவிடக் கம்மியாச்சு?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்தப் பயிற்சி முழுக்க நடத்தப்பட்டது. அது வந்து சேர ஒரு வருடமும், கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியரும் தேவைப்பட்டார்கள்.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று விட்டுவிட முடியாது. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். ஒரு முறையை விளக்கிச் சொன்னாலோ செய்து காட்டினாலோ ஆசிரியருக்குப் புரிந்துவிடும். ஆனால் அது தினசரி வகுப்புக்குள் போக வேண்டுமென்றால், பயிற்சிக்குப் பிறகு வகுப்பிலேயே கூட இருந்து கைகொடுக்க ஓர் ஆள் வேண்டும். நாற்பது வருடங்களாகத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் இரண்டு நாள் பயிற்சியைப் போட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறோம்.

ஆசிரியர்களுக்கு மனமில்லை, அதனால்தான் திட்டங்கள் தோற்கின்றன என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்குப் பீகாரில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பிரிக்காமல், வாசிக்கும் நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முறையை அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்துப் புத்தகங்களும் கொடுத்தார்கள். வழக்கமான பள்ளி நாட்களில் பலன் எதுவும் தெரியவில்லை. அதே மாநிலத்தில் 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே முகாம் நடத்தியபோது, பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. ஆசிரியரால் முடியாமல் இல்லை. வழக்கமான பள்ளி நாளுக்குள் அந்த முறைக்கு இடமில்லை.

அடுத்து, அதே பிரதம் முறையை வைத்து ஹரியானாவில் 2012-13 கல்வியாண்டில் செய்தது, என் மனதில் அழியாமல் பதிந்துவிட்ட ஒன்று. முதலில், இந்த முறைக்கென்றே தினமும் ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் வேறு பாடம் கிடையாது. இரண்டாவது, பள்ளிகளை மேற்பார்வையிடும் கல்வி அலுவலர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, நேராக மற்றவர்களுக்குப் பாடம் எடுங்கள் என்று அனுப்பவில்லை. அவர்களே பள்ளிக்குப் போய் 15 முதல் 20 நாட்கள் வரை பிள்ளைகளுக்கு அந்த முறையில் கற்பித்தார்கள். அதன் பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பள்ளிகளுக்குப் போய்த் துணை நின்றார்கள். இந்தத் தடவை பலன் அளவிட்டுத் தெரியும்படி கிடைத்தது. பீகாரிலும் ஹரியானாவிலும் இந்தப் பலன்களை அளந்த ஆய்வுகளில் பங்கெடுத்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கருத்தாளராகப் போன வருடங்களில், நான் ஒருநாள்கூட என் வகுப்பில் செய்து பார்க்காத முறைகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மேலிடத்தில் எனக்குச் சொன்னதை நான் சொன்னேன். நான் சொன்னதை அவர்கள் தங்கள் பள்ளியில் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். கைமாறக் கைமாற, செயல்பாட்டின் பெயர் மட்டும் மிஞ்சியது, அதை ஏன் செய்கிறோம் என்பது தொலைந்துபோனது. பிள்ளைகள் தப்பாகச் செய்தால் என்ன செய்வது என்று பயிற்சியில் ஓர் இளம் ஆசிரியர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதினைந்து நாள் வகுப்பில் நடத்திப் பார்த்திருந்தால் இருந்திருக்கும்.

கருவிகளை வாங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த மதிப்பீடு 2012இல் வெளியானது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை.

சரி, பல பள்ளிகளுக்கு ஒரு திட்டத்தைப் பரப்பவே முடியாதா? முடியும். கொலம்பியாவில் விக்கி கோல்பெர்ட்டும் சக ஊழியர்களும் 1970களின் நடுவில் கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா' திட்டம் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது. புதிதாகச் சேரும் ஆசிரியர், ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஒரு பள்ளியை முதலில் நேரில் போய்ப் பார்ப்பார். பிறகு அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிறு குழுவாக அவ்வப்போது கூடி, தங்கள் வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் 1980களின் பிற்பகுதியில் திட்டம் வேகமாக விரிந்தபோது, பயிற்சியும் புத்தகங்களும் எல்லாப் பள்ளிகளுக்கும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. அவசரப்படும் நிர்வாகங்கள் இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஜப்பானில் இன்னும் எளிமையான ஒரு வழக்கம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். ஆசிரியர் எப்படிப் பேசினார் என்று யாரும் மார்க் போடுவதில்லை. எந்த இடத்தில் பிள்ளை தடுமாறியது, எந்தக் கேள்வியில் முகம் மலர்ந்தது என்பதுதான் பிறகு பேச்சு. என் வகுப்பின் கடைசி பெஞ்சில் அந்த ஆசிரியை செய்ததும் இதுதான், எங்கள் இருவருக்குமே அப்போது அது தெரியாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவரைக் கண்டால் கை நடுங்கும். சக ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் அந்தப் பயம் இல்லை.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை, நேரம்தான் தேவை. வாரத்தில் ஒரு பீரியட், இன்னொருவர் வகுப்பில் உட்காருவதற்கென்றே டைம்டேபிளில் போட வேண்டும். விடுப்பில் போனவருக்குப் பதிலாக அந்த நேரத்தில் இவரை வேறு வகுப்புக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை கற்றுக்கொள்வதற்கான உரிமையாகக் கொடுத்திருக்கிறார்கள். 100 மணி நேரம் உடனே வேண்டாம், அந்த ஒரு பீரியடில் தொடங்கட்டும். கூடவே, புதிய முறையைத் தொடங்கும் வருடத்தில் பாடத்திட்டத்தில் எதைக் குறைக்கிறோம் என்பதையும் நிர்வாகம் எழுத்தில் கொடுக்கட்டும். போர்ஷன் எங்கே என்று கேட்கும் தலைமையாசிரியருக்கு அந்தத் தாள்தான் பெரிய உதவி.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் வந்த பள்ளிகளுக்கு ஆறு மாதம் கழித்து உங்கள் நிருபரை மறுபடி அனுப்புங்கள். தாளாளரின் அறைக்கு வேண்டாம். கடைசி பெஞ்சில் ஒரு பீரியட் முழுக்க உட்காரட்டும். பிறகு அந்த வகுப்பு ஆசிரியரிடம், பயிற்சிக்குப் பின் உங்கள் வகுப்புக்கு எத்தனை முறை யார் வந்தார்கள் என்று கேட்கட்டும். அந்தப் பதிலை அப்படியே பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை