தனிநடிப்புப் பயிற்சியும் கேட்பவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை மேடைகளில் தனிநடிப்பைப் பயிற்றும் முறை குறித்துத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். நான் பார்த்த ஆற்றுகைகள் பலவற்றில், பெரியவர் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை மனனஞ்செய்து சபையை நோக்கி உரத்த குரலில் ஒப்புவித்தது. கையுயர்த்தும் இடமும் அழும் இடமும்கூட முன்னரே குறிக்கப்பட்டிருந்தன. வேடம் புனைந்த பேச்சுப்போட்டியை நான் தனிநடிப்பென்று ஏற்கமாட்டேன்.

மேடையில் ஒருவரே நின்றாலும், அவர் எவரிடம் பேசுகிறார், கேட்பவரிடமிருந்து எதைப் பெற முயல்கிறார், கேட்பவரின் மௌனம் பேச்சை எங்கே திருப்புகிறது என்பவை தெளிவாகாதவரை எழுதுவதற்கும் நடிப்பதற்கும் பிடிமானமில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குக் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு ஆகியவையும் உள்ளன. தனிநடிப்பு எழுதப் பழகும் மாணவருக்கு இவற்றைவிடச் சிறந்த வினாநிரல் வேண்டியதில்லை. தலைவன் சிறைப்புறமாக, அதாவது வேலிப்புறத்தே மறைந்து, நிற்க, தலைவியிடம் பேசுவதுபோல் அவன் செவியில் விழுமாறு தோழி பேசும் சங்கப்பாடல் ஒன்றைக் கொடுத்து, “நீ உண்மையில் யாருக்குச் சொல்கிறாய்?” என்று மாணவியிடம் கேட்டால், அவளுடைய குரலும் பார்வையும் அந்த நொடியே மாறிவிடும். வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடக்கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு, அரசனை நேர்நின்று வினவும் குரலும் புதிதன்று.

எழுத்தும் பிள்ளையுடையதாகவே இருத்தல் வேண்டும். மத்திய கிழக்கில் பணிபுரியும் தாய்க்குக் குரற்செய்தி அனுப்ப முயன்று, சொல்லவந்ததைச் சொல்லாமல் அழித்து அழித்து மீண்டும் தொடங்கும் ஒரு மகளை எழுதச் சொல்லிப் பாருங்கள். கேட்பவரும் தடையும் தேவையும் அங்கே இயல்பாக அமைந்திருக்கின்றன. அவள் மட்டக்களப்புப் பேச்சு வழக்கில் எழுதினால் அதற்காகப் புள்ளி குறைக்கலாகாது. அதேவேளை, போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் குடும்பங்கள் பட்ட துயரைப் பிள்ளைகளைக் கொண்டு அழுதுகாட்டச் செய்வதை நான் வன்மையாக மறுக்கிறேன். தன் வீட்டுத் துயரை மேடையேற்றுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உண்டு.

ஆகவே, தனிநடிப்புப் போட்டிகளில் பிரதியைப் போட்டியாளரே எழுதவேண்டும் என்ற விதியை வலயக் கல்விப் பணிமனைகள் கொண்டுவர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடகவியல் நூலைத் தந்த விபுலானந்த அடிகளின் பெயரைத் தாங்கிக் கல்லடியில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் நாடகத்துறை மாணவர்கள், மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலைகளுக்குச் சென்று எழுத்தும் நடிப்பும் இணைந்த பட்டறைகளை நடத்துவார்களாயின் பெரும்பயன் விளையும். கூத்துக்குச் சட்டங்கொடுக்குமுன், அதாவது நடிப்பவருக்குரிய பாடற்பகுதியை வழங்குமுன், குரலையும் உடலையும் எடைபோட்டு ஆளைத் தெரிவுசெய்யும் கூத்தாசான்களான அண்ணாவியார்களையும் அப்பட்டறைகளுக்கு அழைத்தல் வேண்டும்.

இங்ஙனம்,
நாடகமும் அரங்கியலும் ஆசிரியை,
செங்கலடி.