வேட்டங்குடிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரப் பள்ளிகளில் பசுமைப் படையை நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிப் பறவைச் சரணாலயக் கண்மாய்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் பதினொரு மணி வெயிலில் பஸ் வந்து நிற்கிறது, நாற்பது பேர் கரையேறுகிறார்கள், பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நத்தை குத்தி நாரையின் பெயர் நோட்டில் ஏறிவிடுகிறது. அது நாள் முழுக்க என்ன செய்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. அதையும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கேட்கவே இந்த மடல்.

ஆய்வுக்கூடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து எம். கே. சந்திரசேகரன் குழுவினர் 1981-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு குகையில் நடந்தது. பகல் வெளிச்சமே படாத இருட்டில் கூண்டிலிருந்த வௌவால், மற்ற வௌவால் கூட்டம் வெளியே போய்வரும் நேரத்தையே தான் இயங்கும் நேரமாக வைத்துக்கொண்டது. கூட்டம் இல்லாத குகையில் அந்த நேரம் நாளுக்கு நாள் நழுவியது. அங்கே பெரிய கருவி எதையும்விடப் பொறுமையும் கேள்வியும்தான் வேலை செய்தன.

முதல் இரண்டு வருகையில் ஒரு எண்ணும் எழுதக் கூடாது. சும்மா பார்த்து நடத்தைப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். நிற்றல், இறகு கோதுதல், குச்சி கொண்டுவருதல், குஞ்சுக்கு இரை கக்குதல், அலகால் மோதுதல், இறக்கை விரித்து நிழல் தருதல் என்று எட்டுப் பத்து போதும். ஒவ்வொன்றுக்கும் கண்ணால் காணக்கூடிய ஒரு வரி விளக்கம் வேண்டும். ‘கோபம்’, ‘பாசம்’ போன்ற சொற்களுக்கு இடம் தராதீர்கள். ‘அலகைத் திறந்து எதிர்ப்பறவை பக்கம் கழுத்தை நீட்டியது’ என்று எழுதினால் இன்னொரு பிள்ளையும் அதையே எழுதும். ‘கோபப்பட்டது’ என்றால் ஆளுக்கொன்றாகிவிடும். ‘தெரியவில்லை’ என்பதற்கும் ஒரு குறியீடு கட்டாயம். இலை மறைத்த கூட்டைப் பலரும் ‘சும்மா நிற்கிறது’ என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பிறகு மூவர் கொண்ட குழு: ஒருவர் பார்க்க, ஒருவர் கடிகாரம் பிடிக்க, ஒருவர் எழுத. பேனா வேண்டாம், பனியில் மை பரவும், பென்சில்தான். மரங்களின் படம் வரைந்து 15 கூடுகளுக்கு எண் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு கூட்டையும் பார்த்த அந்தக் கணத்தில் பறவை செய்வதை மட்டும் எழுத வேண்டும். காலை ஆறரை முதல் எட்டரை வரை 12 சுற்று, ஆக 180 பதிவு.

இந்தக் கடிகாரக் கட்டுப்பாடு எதற்கு? சண்டை நடந்தால் எல்லாக் கண்ணும் அங்கேதான் ஓடும். சும்மா நிற்கும் பறவையை யாரும் எழுத மாட்டார்கள். மாலையில் நோட்டைப் புரட்டினால் நாரை என்பது சண்டைக்காரப் பறவை என்று தோன்றும். பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-ல் எழுதிய கட்டுரை இந்தச் சறுக்கலைத்தான் விரிவாக அலசியது. களத்தில் இன்றும் அந்த முறைகளையே பின்பற்றுகிறார்கள்.

ஒரே கூட்டை இரு பிள்ளைகள் பேசாமல் தனித்தனியே எழுதட்டும். 100 பதிவில் 80-க்கும் குறைவாகவே பொருந்தினால், பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல் விளக்க வரிகளைத் திருத்துங்கள். 180 பதிவு இருப்பதால் 180 சான்று கிடைத்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். அவை 15 கூடுகளிலிருந்து வந்தவை. முதலில் கூடு வாரியாகச் சராசரி எடுங்கள்.

வெயில் ஏறும் நேரத்தில் இறக்கை விரிப்பதை ஒரு குழுவாவது தனியே எடுத்துக்கொள்ளட்டும். விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பெர்கன் எந்த நடத்தையைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று 1963-ல் வகுத்த நான்கு கேள்விகளுக்கும் இந்த ஒரு செயலே போதும். அதைத் தூண்டுவது வெயிலா, வாய் பிளந்து மூச்சிரைக்கும் குஞ்சா? குஞ்சு வளர வளர அது குறைகிறதா? நிழலால் குஞ்சுக்கு என்ன லாபம்? மற்ற நாரை இனங்களிலும் இது உண்டா? முதல் இரண்டுக்குக் கரையில் நின்றே விடை தேடலாம். இதற்கு மட்டும் பத்து மணிக்கு மேல் வரவேண்டியிருக்கும்.

ரோட்டோரக் கூடுகளையும் உட்புறக் கூடுகளையும் ஒப்பிட ஆசை வரும். ஒப்பிடுங்கள், ஆனால் மர உயரத்தையும் குஞ்சின் வயதையும் கூடவே குறியுங்கள். இல்லாவிட்டால் உயரத்தால் வந்த வேறுபாடு ஹாரன் சத்தத்தின் தலையில் விழும். சத்தம் எழுப்பிச் சோதிப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். கோதிக்கொண்டிருந்த பறவை நிறுத்திவிட்டுக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள்.

பயிற்சிக்கு வேட்டங்குடி வரை வர வேண்டியதில்லை. வீட்டு முற்றத்துக் கோழியும் கோயில் கோபுரத்துப் புறாவும் போதும், புரட்டாசியிலேயே தொடங்கலாம். வனத்துறை அனுமதிக் கடிதத்தையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். கூட்டுப் படத்தையும் விளக்க வரிகளையும் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதே படத்தோடு, அதே வரிகளோடு, அதே நேரத்தில் வந்து எழுதினால்தான் இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

அன்புடன்,
செட்டிநாட்டுப் பறவை நோக்கர்கள் சிலர்