சேவல், புறா, இரட்டை விசில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. மூன்று வருசமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவளோடு, தேர்தல் பேச்சு முற்றியதில், இப்போது வேலை விஷயம் மட்டும்தான் என்றாய். "அவ பேசுனது தப்புப்பா" என்றாய். இருக்கட்டும். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரை–போடி வண்டியில் நான் கண்டக்டராக இருந்தது உனக்குத் தெரியும். டிரைவர் அண்ணனைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. கூச்சம்தான். 1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். இறந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் வைகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டோம்.

ஒரே வருசம்தான். கட்சி உடைந்து, இரட்டை இலை முடங்கி, 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அம்மாள் அணிக்கு இரட்டைப் புறா. எங்கள் நேரம் பார், ஜானகி அம்மாள் நின்றது ஆண்டிபட்டி, ஜெயலலிதா நின்றது போடி. இரண்டும் எங்கள் ரூட்! நான் சேவல். அண்ணன் புறா. "தலைவர் சம்சாரத்த விட்டுட்டு வேற யாருக்குய்யா ஓட்டு?" என்பார். அதுவரை சிரிப்புதான்.

ஆட்சியைப் பிடித்தது என்னவோ தி.மு.க. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. போடியில் சேவல் ஜெயித்தது, ஆண்டிபட்டியில் புறா தோற்றது, அதுதான் பெரிசு. ரிசல்ட்டுக்கு மறுநாள் ஆண்டிபட்டியில் ஆள் ஏற்றி முடித்ததும், இரட்டை விசில் கொடுக்க வேண்டிய இடத்தில், "கொக்கரக்கோ... போலாம் ரைட்" என்றேன். வண்டியே சிரித்தது. அண்ணன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார், கியரைப் போட்டார். அதோடு பேச்சு நின்றது.

உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தினால் அவர் ஒரு கடை, நான் ஒரு கடை. அவர் வீட்டு அக்கா எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிடும் கருவாட்டுக் குழம்புத் தூக்கு வருவது நின்றுபோனது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. எங்களுக்குள் மிஞ்சிய பாஷை அவ்வளவுதான். வேலைக்கு அது தாராளமாகப் போதும் பாப்பா. கலெக்‌ஷனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

கூத்து என்னவென்றால், பிப்ரவரியிலேயே இரண்டு அணியும் சேர்ந்துவிட்டன. தள்ளிவைத்திருந்த மதுரை கிழக்குத் தேர்தல் மார்ச்சில் நடந்தது. மறுபடி இரட்டை இலை, ஜெயித்தும்விட்டது. எங்கள் ஓட்டு அந்தத் தொகுதியில்தான். ஒரே பூத், ஒரே வரிசை, ஒரே சின்னம். எனக்கு நாலு ஆள் பின்னால் அவர் நின்றார். நான் திரும்பவில்லை.

அடுத்த வருசம் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னால் நகர்ந்தது. "கட்டையப் போடுய்யா!" பதினாலு மாசம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. குதித்து ஓடிப் போட்டேன்.

அப்புறம் பேசினோம், டீ ஒரே கடைக்கு வந்தது. குழம்புத் தூக்கு மட்டும் வரவே இல்லை. அக்காவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அரசியலை விடு என்று சொல்ல மாட்டேன், நானே விடவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னாய். நீ அவளிடம் என்ன சொன்னாய் என்பதைச் சொல்லவே இல்லையே?

அன்புடன்,
அப்பா